ஒரு மூடி ஆசிட்

"அப்பா, அந்தத் தண்ணிய எந்தக் குழாய்ல புடிச்சீங்க?"

என் மகள் கிருத்திகா இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஞாயிற்றுக்கிழமை தோசை எங்கள் வீட்டில் என் பொறுப்பு. கல்லில் மாவை ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் போனைப் பிடித்தபடி நின்றாள்.

எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். கல்லூரிக்குக் கேனில் கொண்டுவந்து கொடுப்பீர்களே, அந்தச் சாயத் தண்ணீர் என்றாள். டிரைன் வால்வில்தான் பிடித்தேன், வேறு எங்கே பிடிப்பார்கள் என்றேன். ஆசிட் வாஷ் பண்ணுவதற்கு முன்னால் விடுகிற தண்ணீரா, பின்னால் விடுகிற தண்ணீரா என்றாள். முன்னால்தான், நீ கேட்ட மாதிரியேதான் என்றேன்.

"அப்பிடீன்னா எப்பிடிங்கப்பா பி.எச். ஆறு வரும்?"

தோசை கருகியது. பிள்ளைகளே, அது ஏன் கருகியது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கைரேகை இல்லாத மாஸ்டர்

நான் சாயப் பட்டறையில் டையிங் மாஸ்டர். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். பனியன் துணிக்கு எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறத்தை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. இந்தச் சிறுவர் பத்திரிகையின் வாசகி, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, "மாமா, உங்கள் கை என்ன நிறம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை ஒரு நிறம், செவ்வாய்க்கிழமை ஒரு நிறம், கண்ணு. நகத்து ஓரத்தில் மட்டும் எல்லா நிறமும் கலந்து ஒரு கருநீலம் எப்போதும் இருக்கும்.

நிறம் பரவாயில்லை. தோல்தான் போய்விடும். சாயம் துணியில் பிடிப்பதற்கு உப்பும் சோடாவும் போட வேண்டும். அந்தச் சோடாத் தண்ணீர் கையை உரித்துவிடும். விரல் நுனி வெடித்து, குழம்பு தொட்டால் சுரீர் என்று எரியும். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் என் கட்டை விரலை ஏற்றுக்கொள்வதே இல்லை. ஐந்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊட்டம்மாவ வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தொல்லையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கிருத்திகா எங்களுக்கு ஒரே பிள்ளை. முருகனை வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர். வேதியியல் படித்தாள், படித்து முடித்த பிறகும் படித்தாள். கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தாள். சேவூரில் என் மைத்துனர் காட்டில் விளையும் கடலைக்காயின் ஓட்டைக் கரியாக்கி, அந்தக் கரித்தூளைச் சாயத் தண்ணீரில் போட்டால் நிறத்தை அது இழுத்துக்கொள்ளும். அதுதான் அவள் ஆராய்ச்சி. கடலையை நாங்கள் தின்றோம், ஓட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.

மூணு மார்க்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். அதை அவர்கள் 'பேப்பர்' என்பார்கள். வேறு ஒருவர் தன் பேப்பரை எழுதும்போது, "இந்த விஷயத்தை இன்னாருடைய பேப்பரிலிருந்து எடுத்துக்கொண்டேன்" என்று கடைசியில் பெயர் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு சைட்டேஷன் என்று பெயர்.

இதை அவள் முதல்முறை சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாஸ்டரிடமும் ஒரு நோட்டு இருக்கும். துணித் துண்டைப் பின் அடித்து, பக்கத்திலேயே எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று எழுதி வைத்திருப்போம். அதைப் பூட்டி வைப்போம். ஒருவர் ரெசிப்பியை இன்னொருவர் எடுத்துப் போட்டால் செத்தாலும் சொல்லமாட்டார்.

"அடுத்தவங்களதுன்னு சொன்னா மருவாதி போயிராதா கண்ணு?" என்று கேட்டேன்.

"சொல்லாட்டித்தானுங்கப்பா போகும்" என்றாள்.

அவளுக்கு மொத்தம் ஐந்து பேப்பர். ஒன்றை நாற்பத்து மூன்று பேர் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அடுத்ததை ஆறு பேர், அதற்கடுத்ததை நான்கு பேர், இன்னொன்றை இரண்டு பேர். கடைசிப் பேப்பரை யாருமே சொல்லவில்லை. எனக்கு அந்தக் கடைசிப் பேப்பர்மேல் தனிப் பாசம். ஞாயிறுதோறும் அவளிடம் எண்ணிக்கை கேட்டு, தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைப்பேன். பூஜ்யத்தையும் குறிப்பேன்.

இந்த ஐந்தையும் சேர்த்து ஆளுக்கு ஒரே எண் கொடுப்பார்களாம். மூன்று பேப்பரை, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேராவது சொல்லியிருந்தால் எண் மூன்று. நான்கு பேப்பரை நான்கு நான்கு பேராவது சொல்லியிருந்தால்தான் நான்கு. அவள் எண் மூன்று. இதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிய என் மனைவி சரசு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இத்தன வருசம் படிச்சதுக்கு மூணு மார்க்கா?"

மூன்று நான்காக ஏற வேண்டுமென்று நான் ஒரு வேலை செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். டீ இடைவேளையில் எங்கள் பட்டறை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, போனில் அவள் பேப்பரைத் திறக்கச் சொன்னேன். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்கூட ஆளுக்கு இரண்டு தடவை திறந்தார்கள். மெஷின் ஆபரேட்டர் அந்தோணி மட்டும் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருபது வருடமாக என்னோடு இருந்தும் பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறது.

"மாஸ்டரே, இது என்ன ஓட்டா, குத்துனா ஏறுததுக்கு?"

ஏறவில்லை. படித்தவர்கள் எண்ணிக்கை என்று வேறொன்று இருக்கிறதாம், அதுதான் ஏறியது. "ஒரே நாள்ல திருப்பூர்ல நம்ம பேப்பர இத்தன பேரு படிச்சிருக்காங்க" என்று அவளுடைய பேராசிரியர் ஆச்சரியப்பட்டாராம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே போய் வண்டியைத் துடைத்தேன்.

ஆறு எப்படி வந்தது?

இப்போது தோசைக்கல்லுக்கு வருவோம்.

நாற்பத்து மூன்று வாங்கிய பேப்பர்தான் நான் கேனில் தண்ணீர் கொண்டுபோன பேப்பர். மற்றவர்கள் எல்லாம் சோதனைச் சாலையிலேயே சுத்தமான தண்ணீரில் சாயத்தைக் கலக்கிப் பரிசோதித்தார்களாம். இவள் பட்டறைத் தண்ணீரையே எடுத்தாள், அதிலும் நிறம் அப்படியே இறங்கியது. அதனால்தான் அத்தனை பேர் அதை எடுத்துச் சொன்னார்கள். இன்னும் மூன்று வாரத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. அங்கே அவள் கையில் கொண்டுபோகிற பெரிய பொருளே அந்தப் பேப்பர்தான்.

முந்தின நாள் ஒருவர் அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் வங்கதேசத்தில், நம் ஊர் போலவே பனியன் தைக்கிற ஓர் ஊரில் ஆராய்ச்சி செய்கிறவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் முறைப்படியே கடலை ஓட்டுக் கரி செய்தோம், எங்கள் பட்டறைத் தண்ணீரில் போட்டோம், நிறம் பாதிகூட இறங்கவில்லை. எங்கள் தண்ணீரின் பி.எச். பதினொன்று. உங்கள் பேப்பரில் ஆறு என்று இருக்கிறது. சாயத் தொட்டியிலிருந்து நேராக எடுத்த தண்ணீர் எப்படி ஆறாக இருக்கும்?

பி.எச். என்பது தண்ணீர் புளிப்பா, காரமா என்று சொல்லும் அளவு. ஏழு நடுவில். அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். சோடாத் தண்ணீர் பதினொன்றுதான் காட்ட வேண்டும். அது கிருத்திகாவுக்குத் தெரியும். தெரிந்தும், ஆசிட் வாஷ் ஆன தண்ணீரும் கேனில் சேர்ந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாளாம்.

ஆனால் பிடித்தது நான். எனக்குத் தெரியும்.

அடுப்பை அணைத்தேன். "ஒரு மூடி ஆசிட் ஊத்துனேன் கண்ணு" என்றேன்.

சாயம் ஏற்றிய துணிக்குக் கடைசியில் அசிட்டிக் ஆசிட் விட்டு சோடாவை முறிப்பது எங்கள் வழக்கம். அந்த ஆசிட் கேன் எப்போதும் மெஷின் பக்கத்திலேயே நிற்கும். மகளுக்குத் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் நான் அந்தக் கேனின் மூடியால் ஒரு மூடி ஊற்றுவேன். நுரைத்துப் பொங்கும், அடங்குகிற வரை காத்திருப்பேன். பி.எச். தாளை நனைத்துப் பார்ப்பேன். மஞ்சள் காட்டியதும், அதாவது ஆறுக்கு வந்ததும், கேனை மூடி, துடைத்து, பையில் வைத்து, பஸ் ஏறுவேன். பதினோரு கேன் கொண்டுபோயிருக்கிறேன். பதினொன்றிலும் ஊற்றியிருக்கிறேன்.

"ஏனுங்கப்பா?" என்றாள். கோபம் இல்லை. நிஜமாகவே புரியவில்லை.

"சோடாத் தண்ணி. உன்ர கை வெந்து போயிருமேன்னு."

அவள் சுவரில் சாய்ந்தாள். "நாங்க க்ளவுஸ் போட்டுட்டுத்தானுங்கப்பா தொடுவோம்" என்றாள்.

க்ளவுஸ். எனக்கு அது தோன்றவே இல்லை, பிள்ளைகளே. முப்பது வருடமாக நான் வெறும் கையோடுதான் வேலை செய்கிறேன். கெமிக்கல் என்றால் கை வேகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சரசு உள்ளே வந்து, கருகிய தோசையைச் சுரண்டிக்கொண்டே, "ரெண்டு பேருல ஆரு அழுகறீங்க?" என்று கேட்டாள். யாரும் அழவில்லை. புகைதான்.

நீல லாட்

அவள் பேப்பரில் ஒரு வரி இருக்கிறது. "தொழிற்சாலையிலிருந்து எடுத்தபடியே, எதுவும் சேர்க்காமல்" என்று அதற்கு அர்த்தம். அந்த வரி பொய்யாகிவிட்டது. எழுதியவள் அவள், பொய்யாக்கியவன் நான். அதற்குத் திருத்தம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும், பேப்பரைத் திறக்கிற எல்லோருக்கும் முதலில் அந்தத் திருத்தம்தான் தெரியும் என்றாள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. நானே அவளிடம், மூன்று வாரம் பொறு என்று சொன்னேன். தேர்வு முடியட்டும், வேலை கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம். வங்கதேசத்துக்காரரிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன்.

அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அந்த நேவி புளூ லாட்டு ஞாவகம் இருக்குங்களா?"

இருக்காதா? அவள் பள்ளிக்கூடம் போன காலம். நேவி புளூவில் ஒரு லாட் துணி. மெஷினில் ஏதோ அடைத்து, பாதித் துணியில் நிறம் ஒரு மாற்று குறைந்துவிட்டது. டியூப் லைட்டில் தெரியவில்லை. வெயிலில் விரித்தால் தெரிந்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான். துண்டு வெட்டி எடுத்துப் போய் நானே மேனேஜரிடம் காட்டினேன். அன்றைக்கு வாங்கிய திட்டை வீட்டில் வந்து சொன்னபோது, வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறாள் போல.

"அன்னைக்கு ஏனுங்கப்பா நீங்களே போய்ச் சொன்னீங்க?"

"கட்டிங் டேபிளுக்குப் போயிருச்சுன்னா நல்ல துணியோட கலந்துரும் சாமி. அப்பறம் எந்த பனியன்ல எந்தத் துணின்னு பிரிக்கவே முடியாது."

"இதுவும் அப்பிடித்தானுங்க. நாப்பத்தி மூணு பேரு ஏற்கெனவே தச்சுப்போட்டாங்க."

காலண்டர் தாளில் நாற்பத்து மூன்று என்று எத்தனை வாரம் சந்தோஷமாக எழுதியிருப்பேன். அதில் ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்று அன்றுதான் உறைத்தது.

ஏழு மூடி

திங்கட்கிழமை அவள் பேராசிரியரிடம் சொன்னாள். அவர், "சரிம்மா, எழுதிரலாம்" என்றாராம். ஆனால் 'கொஞ்சம் ஆசிட்' என்று எழுத முடியாது, எவ்வளவு என்று எழுத வேண்டும் என்றாராம்.

மறுநாள் அவள் பட்டறைக்கே வந்துவிட்டாள். கண்ணாடி அளவுச் சாடி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நீலக் க்ளவுஸ். "எப்பவும் ஊத்தற மாதிரியே ஊத்துங்கப்பா" என்றாள். எல்லோரும் கூடிவிட்டார்கள். ஏழு தடவை ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவள் சாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுதினாள். அறுபத்து இரண்டு மில்லி, அறுபத்து ஒன்று, அறுபத்து இரண்டு, அறுபத்து மூன்று, அறுபத்து இரண்டு, அறுபத்து ஒன்று, அறுபத்து இரண்டு.

"மாஸ்டர் கையில என்ன மீட்டரா வச்சிருக்கீரு?" என்றார் அந்தோணி.

ஒரே மெஷினிலிருந்து இரண்டு கேன் பிடித்தாள். ரோஸ் நிறத் தண்ணீர். ஒன்றில் ஆசிட் ஊற்றி, இன்னொன்றில் ஊற்றாமல், இரண்டிலும் கடலை ஓட்டுக் கரியைப் போட்டாள். ஊற்றாதது ரோஸாகவே நின்றது. ஊற்றியது மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் இளநீர் மாதிரி ஆனது. கரி வேலை செய்கிறது. ஆனால் சோடா போனால்தான் செய்கிறது. அவள் கண்டுபிடித்தது பொய் இல்லை, பாதிதான் எழுதப்பட்டிருந்தது. மீதிப் பாதி என் மூடியில் இருந்தது.

(பிள்ளைகளே, ஆசிட் விஷயம். யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது திருத்தம் வெளிவந்தது. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுதானாம். உங்களுடைய முக்கியமான பேப்பருக்கே திருத்தம் வந்திருக்கிறதே, ஏன்?

"தண்ணீர் கொண்டுவந்தது என் அப்பாங்க. என் கை வெந்துவிடும் என்று ஆசிட் ஊற்றிவிட்டார்" என்று சொன்னாளாம். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும் சிரிக்காமல், எவ்வளவு ஊற்றினார் என்று கேட்டாராம். இவள் சொன்னாளாம்: ஐந்து லிட்டருக்கு அறுபத்து இரண்டு மில்லி, ஒரு மில்லி கூடக் குறைய இருக்கலாம்.

வேலை இன்னொருவருக்குப் போனது. அவருடைய எண் மூன்று இல்லை, ஒன்பது. நியாயம்தான். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சரசு ஞாயிற்றுக்கிழமை தோசையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

பதினொன்று

நாற்பத்து மூன்று அப்படியே நின்றது. வாரா வாரம் அதையே எழுதினேன். திருத்தம் போட்ட பேப்பரை இனி யார் தொடுவார்கள் என்று எனக்குள் ஓர் எண்ணம். அவளிடம் சொல்லவில்லை. மழைக்காலம் வந்து போனது.

ஒரு ஞாயிறு அவளே வந்து காலண்டரில் எழுதினாள். நாற்பத்து நான்கு.

யார் என்று கேட்டேன். வங்கதேசத்துக்காரர்தான். தன் தண்ணீரிலும் முதலில் ஆசிட் விட்டுப் பார்த்தாராம், நிறம் இறங்கியதாம். அதைத் தன் பேப்பரில் எழுதி, கடைசியில் கிருத்திகாவின் பேப்பரையும் சொல்லி, திருத்தத்தையும் தனியாகச் சொல்லியிருந்தார். இருவரும் சேர்ந்து அடுத்த பேப்பர் எழுதலாமா என்று கேட்டும் எழுதியிருந்தார். இவள் சரி என்றுவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை. எனக்கு ஒரு பெட்டி க்ளவுஸ்.

புதிய பேப்பருக்கு மறுபடியும் பட்டறைத் தண்ணீர் வேண்டியிருந்தது. அந்தோணியும் பையன்களும் சுற்றி நின்று சிரிக்க, நான் நீலக் க்ளவுஸ் மாட்டிக்கொண்டு வால்வைத் திறந்தேன். கேன் நிறைந்தது. சோடா வாசனை மூக்கில் ஏறியது. ஆசிட் கேன் இரண்டடி தூரத்தில் நின்றது. என் கை தானாக அந்தப் பக்கம் போயிற்று.

"மாஸ்டரே, கை எங்க போவுது?" என்றார் அந்தோணி.

கையை இழுத்துக்கொண்டேன். கேனை மூடி, மேலே தாள் ஒட்டி, 'கலந்தது: ஒன்றும் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்து ஈரோடு வரை கொண்டுபோனேன்.

கிருத்திகா தாளில் எழுதியிருந்ததைப் படித்தாள். என் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பி.எச். தாளை எடுத்து, என் எதிரிலேயே கேனைத் திறந்து நனைத்தாள். தாள் மெல்ல அடர் நீலமானது.

"பதினொண்ணுங்கப்பா" என்றாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில்கூட நான் அப்படி ஒரு மார்க் வாங்கியதில்லை.